முதிர்வுக்கு முன்பே ஒரு சிடியை விற்ற அனுபவம்

ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வேலை. கையில் இருந்த 1 கோடி டாலர் ஆறு மாதத்துக்குத் தேவைப்படாது என்று மேலிடம் சொன்னதால், அமெரிக்கச் சந்தையில் பெரிய வங்கி ஒன்றின் 180 நாள் சிடியில், அதாவது கைமாற்றி விற்கக்கூடிய வைப்புச் சான்றிதழில், போட்டோம். வட்டி 5 சதவீதம், அசலோடு சேர்த்துக் கடைசியில்தான் வரும். வாங்குவதில் பெரிய சிரமம் இல்லை. அமெரிக்க வங்கி வைப்புகளுக்கான எஃப்டிஐசி காப்பீடு 2.5 லட்சம் டாலரோடு நின்றுவிடும் என்பதால், வங்கியின் தரத்தை மட்டும் நன்றாக அலசினோம்.

பாதியிலேயே பணம் தேவைப்பட்டது. வங்கியிடம் போய் உடைத்துக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. சந்தையில் இன்னொருவர் தலையில்தான் கட்ட வேண்டும். 1961இல் ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி பேங்க் ஆஃப் நியூயார்க் இப்படி விற்கக்கூடிய சிடியைக் கொண்டுவந்தபோதே, டிஸ்கவுண்ட் கார்ப்பரேஷன் என்ற டீலர் நிறுவனம் வாங்கி விற்கத் தயாராக நின்றது. அந்த ஏற்பாடு இல்லையென்றால் பெரிய கம்பெனிகள் அரசின் குறுகிய காலக் கடன் பத்திரமான டிரஷரி பில்லை விட்டு இந்தப் பக்கம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

டீலரைக் கூப்பிட்டால் விலை சொல்ல மாட்டார். "எந்த பேங்க்? எத்தனை நாள் பாக்கி?" என்று கேட்டுவிட்டு, "5.02, 4.98" என்பார். முதல் எண் அவர் வாங்கும் வட்டி விகிதம், அடுத்தது விற்கும் விகிதம். விகிதம் ஏறினால் விலை இறங்கும் என்பதால் அவர் வாங்கும் எண்தான் பெரிதாக இருக்கும். சின்ன வங்கியின் சிடி என்றால் இந்த இடைவெளி இன்னும் அகலும். பேரம் பேசி 5.00க்குக் கொண்டுவந்தேன்.

ஒப்பந்தத் தாளைப் பார்த்த மேலாளர் நிமிர்ந்தார். "வாங்கினதும் 5, வித்ததும் 5. 90 நாளுக்கு 1,25,000 வரணுமே, 1,543 டாலர் குறையுதே?"

"சார், வாங்குறவர் முழுசா காத்திருந்தா கிடைக்கப்போறது 1,02,50,000" என்று ஆரம்பித்தேன். அவர் போடும் மொத்தப் பணத்துக்கும் மிச்சமுள்ள 90 நாளுக்கு 5 சதவீதம் கிடைக்க வேண்டும். இந்தச் சந்தையில் வருடத்துக்கு 360 நாள் கணக்கு; 90 நாளுக்கு 1.25 சதவீதம் ஆகிறது. எனவே 1,02,50,000ஐ 1.0125ஆல் வகுக்க வேண்டும். வருவது 1,01,23,456.79. யாரோ விளையாட்டுக்கு எழுதிய எண் மாதிரி இருக்கும், ஆனால் கணக்கு சரி. நமக்குச் சேர்ந்த வட்டியை வங்கி இன்னும் தரவில்லை, வாங்குபவர்தான் தன் கைப்பணத்திலிருந்து இன்றே தருகிறார். அந்த 1,23,456.79க்கு 90 நாள் வட்டி போட்டுப் பாருங்கள், சரியாக 1,543.21 வரும். காணாமல் போன தொகை அதுதான்.

கால்குலேட்டரில் தானே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "ரேட் மாறியிருந்தா?" என்றார். 4.80க்கு விற்றிருந்தால் லாபம் 1,28,458, 5.40 என்றால் 1,13,468. கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.