பந்தயப் படகில் யாருக்கு யார் ஒதுங்க வேண்டும்?

பாய்மரப் படகுப் பந்தயத்தின் வழியுரிமை விதிகளைப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது பத்தாம் விதி. எதிரெதிர் டாக்கில், அதாவது காற்றை வெவ்வேறு பக்கத்தில் வாங்கிக்கொண்டு, வரும் இரு படகுகளில், இடப்பக்கத்துக் காற்றில் ஓடும் போர்ட் டாக் படகு, வலப்பக்கத்துக் காற்றில் ஓடும் ஸ்டார்போர்டு டாக் படகுக்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பெரிய பாயும் அதன் அடியைத் தாங்கும் பூம் என்ற கழியும் இடப்புறம் கிடந்தால் நீங்கள் ஸ்டார்போர்டு டாக்கில் இருக்கிறீர்கள். யோசிக்க நேரமில்லாத வேளையில் அந்த ஒரு பார்வையே போதும். இதை மட்டும் தெரிந்துகொண்டு "ஸ்டார்போர்டு!" என்று கூவிக்கொண்டே காலத்தை ஓட்டுபவர்களும் உண்டு.

எனக்குப் பிடிபடத் தாமதமானவை பதினொன்றும் பன்னிரண்டும். ஒரே டாக்கில் பக்கவாட்டில் ஓடும்போது, காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் மற்றவருக்கு ஒதுங்க வேண்டும். முன்பின்னாக ஓடினால் பின்னால் வருபவர் ஒதுங்க வேண்டும். சாலையிலும், பந்தயம் அல்லாத கடல் போக்குவரத்திலும் முந்துகிறவர்தான் கடைசி வரை விலகிப் போக வேண்டும் என்று பழகிய மனத்துக்கு, பின்னாலிருந்து வரும் படகு காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கமாக நுழைந்து, அதன் மூக்கு முன்படகின் பின்முனையைத் தாண்டிய கணமே வழியுரிமை கைமாறிவிடுகிறது என்பது அநியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உரிமையைப் புதிதாகப் பெற்றவர், மற்றவர் விலகுவதற்குத் தொடக்கத்தில் இடம் தர வேண்டும் என்கிறது பதினைந்தாம் விதி. திசையை மாற்றும்போதும் அவ்வாறே இடம் தர வேண்டும் என்கிறது பதினாறு. மோதலைத் தவிர்க்கும் கடமை இரு படகுக்கும் பொது. என் கணிப்பில் இந்தச் சிறிய கட்டுப்பாடுகளைப் படிக்காதவருக்குப் பத்தாம் விதி தெரிந்தும் பயனில்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது, பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவையைச் சுற்றும் இடத்துக்கான பதினெட்டாம் விதி. மிதவையைச் சுற்றிப் படகின் நீளத்தைப் போல மூன்று மடங்கு தொலைவு 'ஜோன்' எனப்படும், ஒருவர் ஓட்டும், 4.23 மீட்டர் நீளமுள்ள ஐ.எல்.சி.ஏ. வகைப் படகுக்கு அது ஏறக்குறைய 12.7 மீட்டர். படகுகளாக இரண்டு தீப்பெட்டிகளையும் மிதவையாக ஒரு தேநீர்க் குவளையையும் மேசையில் வைத்து நகர்த்திப் பார்த்தபோதுதான் எனக்கு இது தெளிந்தது. முதல் தீப்பெட்டி ஜோனைத் தொடும் கணத்தில், பின்னால் வருவதன் முனை, முன்னதன் பின்முனையிலிருந்து குறுக்காக இழுத்த கற்பனைக் கோட்டைத் தாண்டியிருந்தால், குவளைப் பக்கம் இருப்பதற்கு வெளிப்பக்கம் இருப்பது இடம் விட வேண்டும். தாண்டியிராவிட்டால், பிறகு எவ்வளவு வேகமாக உள்ளே புகுந்தாலும் அந்தச் சலுகை கிடைக்காது. தண்ணீரில் ஜோனுக்குக் கோடு எதுவும் போட்டிருப்பதில்லை என்பதால் சச்சரவு இங்கேதான் அதிகம். உரிய நேரத்துக்குள் தாண்டியதா என்பதில் நியாயமான ஐயம் இருந்தால், தாண்டவில்லை என்றே கொள்ள வேண்டும். காற்றை எதிர்த்து ஏறும்போது எதிரெதிர் டாக்கில் சந்திப்பவர்களுக்கு இந்த விதியே கிடையாது. அங்கே மீண்டும் பத்தாம் விதிதான்.

பாய்மரப் படகு விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தும் இந்த விதிநூலின் இப்போதைய பதிப்பு 2025 முதல் 2028 வரைக்கானது. சாதாரணப் பந்தயங்களில் ஊதல் ஊத நடுவர் பெரும்பாலும் இருப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் அப்போதே "புரொட்டஸ்ட்" (முறையிடுகிறேன்) என்று உரக்கச் சொல்ல வேண்டும், ஆறு மீட்டருக்குக் குறைந்த படகென்றால் சிவப்புக் கொடி தேவையில்லை. தவறு தன்னுடையது என்று தெரிந்தவர் மற்றப் படகுகளை விட்டு விலகிப் போய், ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடரலாம். மிதவையை உரசியதற்கு மட்டும் ஒரு சுற்றுப் போதும்.