கிட்டில் தப்பு இருக்கிறது, சரி, அது எங்கிருந்து வந்தது?

மசில் கார் (1960-70களின் பெரிய எஞ்சின் அமெரிக்கக் கார்) மாடலை, ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்கள் அடங்கிய கிட்டில் இருந்து கட்டுகிற இரண்டு பேர் சந்தித்தால், காபி வருவதற்குள் பேச்சு "கூரை சரியில்லை"யில் வந்து நின்றுவிடும். கூரை தாழ்வு, வீல் ஆர்ச் பெரிசு, மூக்கு மொண்ணை, கிரில் ஆழம் போதாது. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் தப்பைப் பார்த்த மாத்திரத்தில் உப்புத்தாளும் பள்ளம் அடைக்கும் புட்டிப் பசையுமாக உட்கார்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால்தான் அதில் கை வைக்கலாமா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்ய முடியும்.

பழைய கிட்களில் இருக்கும் தப்புகளில் பாதிக்கு 1960-களின் வியாபாரமே காரணம். அப்போது அமெரிக்க கார் கம்பெனிகள் ஷோரூமில் கொடுப்பதற்காக 1/25 அளவில் (நிஜக் காரில் 25-இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கார்கள் செய்யச் சொல்லும். ஏஎம்டி, ஜோ-ஹான், எம்பிசி ஆகிய மாடல் கம்பெனிகள் எல்லாம் அப்படிப் பிழைத்தவர்கள்தான். அதே அச்சில் இருந்து கடைக்கான கிட்டும் வரும். அடுத்த வருஷம் காரின் முகம் மாறினால் அதே எஃகு அச்சை வெட்டி மாற்றுவார்கள், போன வருஷத்து வடிவம் அதோடு போயிற்று. தொழிற்சாலை வரைபடத்தைக் கையில் வைத்துச் செய்ததால் அந்தக் கிட்களின் பாடி பெரும்பாலும் அருமையாக இருக்கும். கவிழ்த்துப் பார்த்தால்தான் வயிறு எரியும். சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், ஒரே தட்டையான தகடு, சைலன்சர் குழாய் அதிலேயே ஒட்டிப் பிறந்திருக்கும், முன் சக்கரங்களை இணைக்கும் கம்பி நேராக எஞ்சினைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். ஆமாம், எஞ்சின் பிளாக்கிலேயே ஓட்டை. கடையில் உருட்டி விளையாட வேண்டிய பொருளுக்கு அது போதும் என்று செய்தது, மறுவெளியீடு என்ற பெயரில் இன்றைக்கும் நம் மேஜைக்கு வருகிறது.

இந்த வகைத் தப்பைத் திருத்துவது சுலபம். ஓட்டையை அடைத்துவிட்டு வேறு ஒரு கிட்டின் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்து வைத்தால் வேலை முடிந்தது. வெளித்தோற்றத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது.

வருஷக் குழப்பம் இன்னொரு வகை. நான் வாங்கிய ஒரு டாட்ஜ் சார்ஜர் கார் கிட்டின் பெட்டியில் 1969 என்று பெரிதாகப் போட்டிருந்தது. நடுவில் பிரிக்கப்பட்ட கிரில், பின்னால் நீளமான டெயில் லேம்ப், எல்லாம் 1969-தான். ஆனால் மட்கார்டின் பக்கவாட்டில் குட்டியாக ஒரு வட்ட விளக்கு. அது 1968-இன் அடையாளம். 1968 முதல் பக்கவாட்டில் விளக்கோ ரிஃப்ளெக்டரோ இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க அரசு சட்டம் போட்டது. அந்த வருஷம் டாட்ஜ் வட்ட விளக்கு வைத்தது, அடுத்த வருஷம் செவ்வக ரிஃப்ளெக்டருக்கு மாறியது. வட்டத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு கால் மில்லிமீட்டர் ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகட்டில் சின்னச் செவ்வகம் வெட்டி ஒட்டினால் அரை மணி நேர வேலை. கூரையைப் பற்றி ஊரெல்லாம் புலம்புகிறவர்கள் இதை அப்படியே விட்டுவிட்டு, மேலே கண்ணாடி மாதிரி பெயிண்ட் அடித்துவைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

செவர்லே கமாரோ காரிலும் இதே கதைதான். 1967-இல் கதவுக் கண்ணாடிக்கு முன்னால் சின்ன முக்கோணக் கண்ணாடி உண்டு, 1968-இல் அது போய்விட்டது, பக்கவாட்டு விளக்கு வந்துவிட்டது. கீழே பார்த்தால் 1967-இல் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆக்ஸிலுக்கு முன்பக்கம். 1968-இல் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பின் ஆக்ஸில் துள்ளுவதைக் குறைப்பதற்கான மாற்றம் அது. இரண்டு வருஷத்துக்கும் ஒரே சேசிஸைப் போட்டிருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அளவு. பசை பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால் வெர்னியர் அளவுகோலை எடுங்கள். 1969 சார்ஜரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 117 அங்குலம், அதாவது 2972 மி.மீ. 1/25-இல் 118.9 மி.மீ. வர வேண்டும். மொத்த நீளம் 208 அங்குலம். அது 1/25-இல் 211 மி.மீ., 1/24-இல் 220 மி.மீ. பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது எந்த அளவு என்பது இந்த 9 மி.மீ. வித்தியாசத்தில் தெரிந்துவிடும். டாட்ஜ் சேலஞ்சரின் வீல்பேஸ் 110 அங்குலம், பிளைமவுத் பாரகுடா 108. இரண்டும் ஒரே குடும்பம்தான் என்று ஒன்றின் சேசிஸை மற்றதன் பாடிக்குள் நுழைத்தால் 2 மி.மீ. உதைக்கும், சக்கரம் ஆர்ச்சின் நடுவில் நிற்காது. 2 மி.மீ. என்ன பெரிசு என்று கேட்பவர்கள் ஒரு முறை நுழைத்துப் பார்க்கட்டும்.

தெரிந்த தப்பைக் கம்பெனியே ஏன் திருத்துவதில்லை என்று பலரும் கோபப்படுகிறார்கள். இதற்கு எஃகுதான் பதில் சொல்ல வேண்டும். அச்சில் இருந்து எஃகைக் கொஞ்சம் வெட்டி எடுத்தால் பாகத்தில் அந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடும். அது எளிது. பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டுமென்றால் அச்சில் உலோகத்தை வெல்டு வைத்து ஏற்றி, மறுபடி இழைத்து, மெருகேற்ற வேண்டும். செலவு எகிறும், வெல்டு வைத்த இடம் பிறகு தடம் காட்டவும் செய்யும். அதனால் வீங்கிப் பிறந்த மட்கார்டு வீங்கினபடியேதான் இருக்கும், ஒல்லியாகப் பிறந்த பம்பருக்காவது ஒரு வாய்ப்பு உண்டு. பாடியின் சுவர் கனமும் இதே மாதிரி கை வைக்க முடியாத விஷயம். 1 மி.மீ. பிளாஸ்டிக் என்றால் நிஜக் காரில் 25 மி.மீ. தகடு. ஜன்னல் ஓரம் எல்லாம் பலகை மாதிரி தெரிவது அதனால்தான். உள்பக்கமாகச் சாய்த்து இழைத்துவிட்டால் விளிம்பு மெலிதாகத் தெரியும், யாரும் உள்ளே விரலை விட்டுப் பார்க்கப் போவதில்லை.

இப்போது கூரைக்கு வருவோம். புகார்களில் எத்தனை உண்மையிலேயே கிட்டின் குற்றம் என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம் உண்டு. மாடலை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்ப்பது நிஜக் காரை 7.5 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். செல்போனை 10 செ.மீ. பக்கத்தில் கொண்டுபோய்ப் படம் எடுக்கிறோம். நிஜக் காருக்கு இரண்டரை மீட்டரில் அகன்ற லென்ஸோடு நிற்பது போல அது. மூக்கு உப்பும், கூரை பின்னால் ஒடுங்கும். அந்தப் படத்தை எடுத்து, பத்து மீட்டர் தள்ளி நின்று எடுத்த ஒரிஜினல் காரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, பார் எவ்வளவு தப்பு என்று வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். உயரமும் கணக்கில் வரும். நின்றபடி காரைப் பார்க்கிற ஆளின் கண் தரையில் இருந்து 1.6 மீட்டரில் இருந்தால், 1/25-இல் அது 64 மி.மீ. கேமராவை மேஜையில் இருந்து அந்த உயரத்தில், தள்ளி வைத்து, ஜூம் செய்து எடுத்துப் பாருங்கள். கூரை தானாக எழும்பி நிற்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் அது நிஜமான தப்பு, ரம்பத்தை எடுக்கலாம். கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டி அரை மில்லிமீட்டர் ஏற்றுவது என்பது நிஜக் காரில் ஒன்றேகால் செ.மீ. முன் கண்ணாடி பொருந்தாது, பின் கண்ணாடி பொருந்தாது, கதவுக் கோடு ஓடாது. நான் அந்த வேலையை ரசிப்பவன், ஆனால் எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் மேஜையில் இப்போது இருப்பது 1970 பிளைமவுத் சூப்பர்பேர்ட். திருத்துகிறவனுக்கு இதைவிடத் தீனி போடும் கார் கிடையாது. நாஸ்கார் என்ற அமெரிக்க கார் பந்தயத்துக்குத் தகுதி பெறுவதற்காகவே பிளைமவுத்தின் ரோடு ரன்னர் காரில் இருந்து பிறந்தது. ரோடு ரன்னரின் முன் மட்கார்டு நீண்ட மூக்கோடு சேரவில்லை என்று டாட்ஜ் கோரோனட்டின் மட்கார்டையும் பானட்டையும் கொண்டுவந்து போட்டார்கள். ஆகவே ரோடு ரன்னர் பாடிக்கு மூக்கையும் இறக்கையையும் ஒட்டி சூப்பர்பேர்ட் என்று சொன்னால் அது ஆகாது. பின் கண்ணாடியைச் சுற்றிக் காற்றுக்காக ஒரு தகடு வைத்து வெல்டு அடித்திருக்கிறார்கள், அந்த வெல்டை மறைக்கத்தான் எல்லா சூப்பர்பேர்டுக்கும் கறுப்பு வினைல் கூரை. வழவழ கூரையோடு பளபளவென்று ஆரஞ்சு அடித்து வைத்திருந்தால் அது தொழிற்சாலைக் கார் இல்லை. இறக்கையும் 1969 சார்ஜர் டேட்டோனாவில் இருந்து எடுத்து ஒட்டக்கூடியது அல்ல, சூப்பர்பேர்டில் இன்னும் உயரம், பின்பக்கம் இன்னும் சாய்வு.

அந்த வினைல் கூரையில்தான் கிட் செய்கிறவர்கள் ஆர்வக்கோளாறில் கெடுத்துவிடுகிறார்கள். நிஜ வினைலின் சொரசொரப்பை 25-ஆல் வகுத்தால் கண்ணுக்கே தெரியாது. அச்சில் கொத்தியிருப்பதோ முதலைத் தோல். நான் 600 நம்பர் உப்புத்தாளால் மொத்தமாக மழித்துவிட்டு, இணைப்புக் கோடுகளை மட்டும் மெல்லிய ஸ்டைரீன் இழையால் திரும்பப் போட்டேன். அப்புறம் கறுப்பு பெயிண்டைக் கொஞ்சம் தூரத்தில் இருந்து, பாதி காய்ந்தபடி விழுகிற மாதிரி ஸ்பிரே. தூசு படிந்தது போல ஒரு மென்மையான சொரசொரப்பு வரும், அது போதும். ஒரே மூச்சில் அடித்தால் ஈரமாக ஓடிவிடும், விட்டு விட்டு அடிக்க வேண்டும்.

எஞ்சினில் நிறமும், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும்தான் முக்கியம். கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சின் என்றால் ஆரஞ்சு, டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால், பிளக் வயர் வால்வ் கவருக்குள்ளேயே இறங்கும். செவர்லேயின் பெரிய எஞ்சினான பிக் பிளாக்கும் ஆரஞ்சுதான், ஆனால் அது வேறு ஆரஞ்சு, டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் தீச்சுவரை (எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு) ஒட்டி. போன்டியாக் நீலம். ஃபோர்டும் 1966-க்கு அப்புறம் நீலம், ஆனால் அடர்த்தி. ஃபயரிங் ஆர்டர்படி, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசைப்படி, வயர் கோக்கிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன், நானே கோப்பேன், பானட்டை மூடியதும் எவனுக்கும் தெரியாது என்று தெரிந்தும்.

சேசிஸின் அடிப்பக்கத்தைப் பளபளக் கறுப்பில் அடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கண்காட்சிக்காகப் புதுப்பித்த கார்களைப் பார்த்து வந்த பழக்கம் அது. தொழிற்சாலையில் இருந்து வந்த கிரைஸ்லர் கார்களின் அடியில் பிரைமர் தெரியும், அதன் மேல் ஓரங்களில் பாடி நிறம் புகையாகப் படிந்திருக்கும், ஒழுங்கே இருக்காது. புதுப்பிக்காத காரின் படங்கள் கிடைத்தால் அதைத்தான் சேமிக்க வேண்டும், பரிசு வாங்கிய காரின் படம் எந்தக் கூகுள் தேடலிலும் வரும். சூப்பர்பேர்டின் மூக்குக்கு அடிப்பக்கம், முன் பம்பர் இருந்த இடத்தில் உள்ளே எப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டுகிற, புதுப்பிக்காத காரின் படம் யாரிடமாவது இருந்தால் கீழே சொல்லுங்கள். அந்தப் பகுதியை இன்னும் ஒட்டாமல்தான் வைத்திருக்கிறேன்.