மாதம் தவறாத காய்ச்சல்

ஒரு பிரிவின் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில் விடுப்பு விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் ஊழியர் ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, காய்ச்சல் என்று எழுதி ஒரு நாள் விடுப்பு எடுத்திருப்பதைக் கவனித்தேன். ஒன்பது விண்ணப்பங்களிலும் அதே சொல். தேதிகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டு அவரை அழைத்து, “மாதம் தவறாமல் எப்படிக் காய்ச்சல் வருகிறது?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு, “உங்களுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன், மேடம்” என்றார்.

புரிந்திருக்கத்தான் வேண்டும். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும் வரை கடைசி ஆளாக உட்கார்ந்திருந்து, எழுந்ததும் முதல் வேலையாக நாற்காலியைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கும் உண்டு. ஆனால் பொறுப்பில் அமர்ந்ததும் என் கண்ணுக்குத் தேதிகள்தான் தெரிந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மாதம் ஒரு நாள் மாதவிடாய் விடுப்பு தரலாமா என்று அலுவலகம் எங்களிடம் கருத்துக் கேட்டபோது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நேர்காணலில், தகுதியில் சமமாக நின்ற இருவரில் யாரை எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, “அந்தப் பெண் எத்தனை நாள் வருவாரோ” என்று உடன் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். இந்திய உச்ச நீதிமன்றமும் 2024 ஜூலையில், இத்தகைய விடுப்பைக் கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கவே முதலாளிகள் தயங்கக்கூடும் என்ற கவலையைத்தான் தெரிவித்தது. அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. ஆனால் அதையே முடிவாக எடுத்துக்கொண்டால், அடுத்தவரின் பாரபட்சத்துக்கு அஞ்சி வலியை மறைத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் சொல்வதாக ஆகிறது. நான் எழுதிக் கொடுத்ததும் ஏறக்குறைய அதுதான்.

வலி கற்பனையில் வருவதில்லை. கருப்பையின் உட்சவ்வில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் தசைகளை இறுக்கிச் சுருக்குகிறது. அது மிகுதியாகச் சுரப்பவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும்கூட வரும். எல்லோருக்கும் இப்படி இருப்பதில்லை, எல்லோருக்கும் விடுப்பும் தேவைப்படாது. ஒரு மாத்திரையோடு கடந்துவிடுபவர்களே, “நாங்கள் வேலை செய்யவில்லையா?” என்று மற்றவர்களைக் கடிந்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

என் எதிர்ப்பையும் மீறி விடுப்பு வந்தது. கணினியில் அதற்கென்று தனி வகை சேர்க்கப்பட்டது; அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகும், குழுவில் உள்ள அனைவருக்கும் அதன் நகல் போகும். ஓராண்டில் எங்கள் பிரிவில் அதை எடுத்தவர்கள் இரண்டே பேர். காய்ச்சல் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது.

ஜப்பானின் தொழிலாளர் தரச் சட்டத்தில் இந்த விடுப்பு 1947 முதலே இருக்கிறது. ஆனால் அண்மைக் காலக் கணக்கெடுப்பின்படி அதைப் பயன்படுத்துபவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்தோனேசியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், மாதவிடாயின் முதல் இரண்டு நாட்களில் வலி இருப்பதை முதலாளியிடம் தெரிவிக்கும் பெண் வேலைக்கு வர வேண்டியதில்லை என்கிறது. ‘தெரிவிக்கும்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. 2023இல் நடைமுறைக்கு வந்த ஸ்பெயின் சட்டம், செலவை முதலாளியின் தலையில் கட்டாமல் அரசின் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து தருவதால் ஒரு சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் மருத்துவரின் சான்று கேட்கிறது. மாதவிடாயின்போது கடும் வலி தரக்கூடிய கருப்பை அகப்படல நோய் (எண்டோமெட்ரியோசிஸ்) ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அது என்னவென்று கண்டறியவே பல ஆண்டுகள் ஆகும் நிலையில், அதுவரை சான்றுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

எங்கள் அலுவலகம் பின்னர் அந்தத் தனி வகையை நீக்கிவிட்டு, காரணம் எழுத வேண்டாத, யாருடைய ஒப்புதலும் வேண்டாத, ஊதியத்தோடு கூடிய உடல்நல நாளாக மாதத்துக்கு ஒன்றை அனைவருக்கும் தந்தது. ஒற்றைத் தலைவலியால் அவதிப்படும் ஆண் ஊழியர் ஒருவரும் அதை எடுக்கிறார். பதிவுகளில் காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கு இந்த ஏற்பாடே பிடித்திருக்கிறது. என்னோடு பணியாற்றும் ஒரு தோழியோ, பெயரைச் சொல்லக் கூசுகிறோம் என்பதற்காகப் பெயரையே எடுத்துவிட்டால் கூச்சம்தான் நிலைக்கும், நாளைக்குச் செலவைக் குறைக்கும்போது பெயரில்லாத விடுப்பைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் முழுமையான பதில் இல்லை. வலியோடு படுத்திருப்பவர் கூச்சத்தை ஒழிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதில்லை என்று மட்டுமே சொன்னேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்பவர்களும் எங்கள் தளத்திலேயே இருக்கிறார்கள். கழிப்பறையில் உள்ள நாப்கின் இயந்திரத்தை நாள்தோறும் நிரப்பி வைக்கும் பெண் ஒப்பந்தத் தொழிலாளர். வராத நாளுக்கு அவருக்குக் கூலி இல்லை. ஒரு நாள் பிற்பகலில் அவர் கை கழுவும் மேடையில் இரு கைகளையும் ஊன்றிக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். நான் கேட்பதற்கு முன்பே, “காய்ச்சல்தான், மேடம்” என்றார். அவருக்கும் அந்த நாள் கிடைக்க வேண்டும் என்று மனிதவளப் பிரிவுக்கு எழுதினேன். அவருடைய விடுப்பு ஒப்பந்ததாரரின் பொறுப்பு என்று பதில் வந்தது. மீண்டும் எழுதியிருக்கிறேன்.