வறண்ட மண்ணில் தண்ணீர் தெளித்தபோதுதான் சுவர் தெரிந்தது

போன ஜூலையில் இங்கிலாந்தின் சிரன்செஸ்டர் பக்கம் ஒரு வயலில், ரோமானியர் கால வில்லா ஒன்றைத் தோண்டும் இடத்தில் இரண்டு வாரம் தன்னார்வலராக வேலை செய்தேன். வில்லா என்றதும் நீச்சல் குளத்தோடு ஒரு சொகுசு பங்களாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். ரோமானியர்களுக்கு அது நிலமும் களஞ்சியமும் சேர்ந்த பண்ணை வீடு, வசதி கூடக்கூட அதில் மொசைக் தரையும் குளியல் அறையும் வந்து சேரும். இப்படிப் போய்ப் பார்க்க ஆசைப்படும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முன் அனுபவம் தேவையில்லை. டெட்டனஸ் ஊசி, கெட்டியான பூட்ஸ், தொப்பி, முட்டிக்கு அடியில் போட ஒரு ரப்பர் மெத்தை, இவை போதும். கரண்டி மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கொத்தனார் பூசுகிற கரண்டிதான், ஆனால் 4 அங்குல அலகு, அலகும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததாக இருக்க வேண்டும். ஒட்டவைத்தது களிமண்ணில் இரண்டு நாள் தாங்காது.

மேல்மண்ணை எந்திரம் எடுத்துவிட்டது, அதுவும் பல் இல்லாத வாளி மாட்டி, அடியில் இருப்பதைக் கீறிவிடாமல். அப்புறம் நாங்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக முட்டி போட்டு, கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தோம், சுத்தம் செய்த இடத்தை நாமே மிதித்துவிடக் கூடாது என்பதற்காக. முதல் இரண்டு நாள் எனக்கு எல்லாமே கல்லாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் வாளியிலிருந்தே ஒரு கூரை ஓட்டுத் துண்டை எடுத்துக் காட்டினார்: மெல்லிய சுண்ணாம்புக்கல் பலகை, ஓரத்தில் ஆணி அடிக்க ஒரு ஓட்டை. நான் குப்பை என்று தள்ளிவிட இருந்தது அது.

மூன்றாம் நாள்தான் தப்பு செய்தேன். சரளை நிறைந்த பழுப்பு மண்ணில் ஓர் ஓரமாக மண் லேசாகக் கருத்து, சுண்ணாம்புப் பொடி கலந்து வந்தது, நான் ஏதோ ஈரம் என்று நினைத்து ஒரே வேகத்தில் சுரண்டி, கிடைத்த ஓட்டுச் சில்லுகளை எல்லாம் ஒரே தட்டில் போட்டுக்கொண்டே போய்விட்டேன். எங்கள் பகுதியைக் கவனித்த தொல்லியலாளர் வந்து, எதுவும் பேசாமல், செடிக்குத் தெளிக்கிற பாட்டிலை எடுத்து மண்மேல் தண்ணீர் தெளித்தார். வெயிலில் வெளிறிப்போயிருந்த நிறம் சட்டென்று எழுந்தது. முக்கால் மீட்டர் அகலத்தில், நூல் பிடித்தது மாதிரி ஒரு கருத்த பட்டை. அங்கே ஒரு சுவர் இருந்திருக்கிறது, பிற்காலத்தில் யாரோ கல்லுக்காக அதை அடியோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், அந்தப் பள்ளத்தில் மிஞ்சிய சாந்தும் மண்ணும் விழுந்து நிரம்பியதுதான் நான் பார்த்த கருப்பு. என் தட்டில் இருந்த சில்லுகளில் எது அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுடையது, எது கல் எடுக்க வந்தவர்கள் காலத்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை, இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு கரண்டியைவிடப் பாட்டிலைத்தான் அதிகம் நம்பினேன். மண்ணின் நிறம், இறுக்கம், கலந்திருப்பது என்று ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் எண், ஒரு படிவம், வடக்கு அம்புக்குறியும் அளவுகோலும் வைத்து ஒரு புகைப்படம், 1:20 அளவில் ஒரு வரைபடம். பாதி நாள் எழுத்து வேலைதான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு நான்காம் நூற்றாண்டுச் செப்புக் காசு கிடைத்தபோதுகூட, கிடந்த இடத்தை அளந்து குறித்த பிறகுதான் கையில் எடுக்க விட்டார்கள்.

இரண்டாம் வாரம் ஓர் அறையில் செங்கல் தூண்கள் வரிசையாக வெளியே வந்தன. தரையை இந்தக் குட்டைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டி, வெளியே அடுப்பு எரித்து, சூட்டை அடியில் ஓடவிட்டு, சுவருக்குள் வைத்த குழாய் ஓடுகள் வழியாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஓடுகளில் சாந்து பிடிப்பதற்காகச் சீப்பால் இழுத்த கோடுகள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. ஒரு தட்டையான செங்கலில் நாய்க் கால் தடம். நான்கு விரலும், நகம் குத்திய புள்ளியும், மிதித்தபோது ஓரமாகப் பிதுங்கிய களிமண்ணும் அப்படியே. சூளைக்குப் போகும் முன் காயப்போட்டிருந்த ஈரச் செங்கல்மேல் அது நடந்து போயிருக்கிறது. வெகுநேரம் அதை விட்டு நகர மனம் வரவில்லை.

மழை பெய்த நாள்களில் கூடாரத்தில் உட்கார்ந்து பழைய டூத் பிரஷ்ஷால் பானை ஓடு கழுவினோம். பெரும்பாலும் சாம்பலும் கருப்புமான சமையல் சட்டிகள். நடுவே ஒன்று சேறு விலகியதும் பளபளவென்று சிவப்பாக மின்னியது, இன்றைய பிரான்ஸில் செய்து கொண்டுவந்த சாமியன் வகைத் தட்டு. நம் அரிக்கமேட்டில் 1945-ல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்த சிவப்பு ரோமானியப் பாண்டம் இதன் இத்தாலிய மூத்த உறவு. புதுச்சேரி பக்கத்து ஆற்றங்கரைக்கும் இந்த வயலுக்கும் ஒரே மாதிரித் தட்டு போயிருக்கிறதே என்று அந்தச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கடைசி நாள் எல்லாவற்றையும் மறுபடி மூடினோம். நிறையப் பேருக்கு இது புரிவதில்லை. திறந்து விட்டால் ஒரு குளிர்காலப் பனியிலேயே சாந்தும் செங்கல்லும் உதிர்ந்துவிடும். தண்ணீர் இறங்கக்கூடிய துணியை விரித்து, தூண்களுக்கு இடையில் முதல் மண்ணை வாளியில் எடுத்துக் கையால் நிரப்பினோம், அதற்குப் பிறகுதான் எந்திரம் உள்ளே வந்தது. நாய்த் தடம் இருந்த செங்கல் மட்டும் அடுக்கு எண் எழுதிய அட்டைப் பெட்டியில் ஆய்வகத்துக்குப் போனது. அந்த எண்ணை எழுதியது நான்.