சைக்கிள் பால்ஸ் போட்டு அடைத்த பிரேக்

காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த பழைய மஹிந்திரா ஃபோர் வீல் பிக்கப் ஒன்றைப் போன வருஷம் வாங்கினேன். மச்சானுக்குப் பழவேற்காட்டுப் பக்கம் வலையும் ஐஸும் கொண்டுபோக வேண்டும், மழை பெய்தால் அந்தச் சேற்றில் சாதாரண வண்டி மாட்டிக்கொள்ளும், அதற்காகத்தான். இன்ஜின் 2523 சிசி டிஐ டீசல், அதைப் பற்றிக் கவலையில்லை, தெருவுக்கு ஒருத்தருக்கு அதைப் பிரித்துப் பூட்டத் தெரியும். தலைவலியெல்லாம் எனக்கு முன்னால் இதைச் 'சரி' செய்தவர்கள் வைத்துவிட்டுப் போனது.

பிரேக் மிதித்தால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்தது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே முன்சக்கரம் இரண்டிலும் கை வைக்க முடியாத சூடு. பிரேக் லைனர் தேய்ந்து போயிருக்கும் என்று நினைத்துக் கொருக்குப்பேட்டை பாய் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அரை மணி நேரம் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, இத்த சரி பண்றதுக்கு முன்னாடி, இதுக்கு முன்ன சரி பண்ணதையெல்லாம் கயட்டணும்" என்றார்.

விஷயம் இதுதான். வலது பின்சக்கரத்தில் பிரேக் ஷூவை ஆயில் அழுத்தத்தால் தள்ளும் வீல் சிலிண்டர் என்றைக்கோ கசிந்திருக்கிறது. சிலிண்டர் மாற்றாமல், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பைப் நிப்பிளுக்குள் ஒரு சைக்கிள் பால்ஸை, அதான் பேரிங்கில் வரும் இரும்பு உருண்டையை, போட்டு இறுக்கிவிட்டார்கள். கசிவு நின்றது, அந்தச் சக்கரத்தில் பிரேக்கும் நின்றது. வண்டி இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்ததும் அடுத்த ஆள் வந்து இடது பின்சக்கரத்து ஷூவைத் தளர்த்தியிருக்கிறார். ஷூ தளர்ந்ததால் பெடல் ஆழமாக இறங்கியிருக்கும், அதற்கு மூன்றாவது ஆள் பெடலிலிருந்து, மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் ராடை நீட்டிவிட்டார். ராடு நீண்டால் காலை எடுத்த பிறகும் பிஸ்டன் முழுசாகத் திரும்பி வராது, உள்ளே இருக்கும் ஆயில் டேங்குக்குத் திரும்பும் துளை மூடியே கிடக்கும். ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே பிடிக்கும். முன்சக்கரம் ஏன் கொதித்தது என்று அப்போதுதான் புரிந்தது. முதல் ஆளே சிலிண்டரை மாற்றியிருந்தால் மற்ற இரண்டு பேருக்கும் வேலையே இருந்திருக்காது. சரி, விடியற்காலை லோடு நிற்கக்கூடாது என்று ஓனர் கத்தியிருப்பார், அவர்களை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம். ஆனாலும் பால்ஸ் போட்டவனை மன்னிக்க மனசு வரவில்லை, அதே வண்டியில் பின்னால் ஆள் ஏற்றியிருப்பார்கள் இல்லையா.

பின்பக்கம் இரண்டு சிலிண்டரும் புதுசு, பைப் புதுசு, ராடைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து கொஞ்சம் ஃப்ரீ பிளே விட்டு, நான்கு சக்கரத்திலும் பிரேக் பைப்புக்குள் நின்ற ஏர் எடுத்தோம். சூடு போயிற்று.

அப்புறம் ஃபோர் வீல். முன்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஜாயின்ட் ஷாஃப்டையே கழற்றிச் சீட்டுக்குப் பின்னால் கோணிக்குள் சுற்றி வைத்திருந்தார்கள்! காரணம் டயர். முன்னால் ஒரு சைஸ், பின்னால் வேறு சைஸ். இந்த மாதிரி வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் கிடையாது, ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். டயர் உயரம் மாறினால் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு ஃபோர் வீல் லீவர் வெளியே வராது. கியர்பாக்ஸ் போச்சு என்று யாரோ பயந்து ஷாஃப்டைக் கழற்றிவிட்டார். ஐந்து டயரும் ஒரே சைஸில் வாங்கி, ஷாஃப்டின் மூட்டான கிராஸில் கிரீஸ் அடித்து மாட்டினதும் லீவர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. தார் ரோட்டில் மட்டும் போடுவதில்லை.

சேசிஸ் இன்னும் பாக்கி. ஐஸ் தண்ணியும் உப்பும் வருஷக்கணக்கில் சொட்டிச் சொட்டி அரித்த இடத்தில், துருவைச் சுரண்டாமலே மேலே தகடு வைத்து வெல்டிங் அடித்து, பட்டி தடவி, கறுப்புப் பெயின்ட். தகட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் தண்ணி நின்று உள்ளே இன்னும் வேகமாகத் தின்கிறது. சுத்தியலால் தட்டினேன், 'டங்' என்று வர வேண்டிய இடத்தில் 'பொத்' என்கிறது. அந்தப் பகுதியை வெட்டியெடுத்துத்தான் வைக்க வேண்டும் என்கிறார் பாய், அடுத்த மாதம் பணம் சேரட்டும்.

வயரிங்கைப் பற்றி எழுதினால் அழுதுவிடுவேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி, அதை மட்டும் உடனே மாற்றிவிட்டேன். ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாகத் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கிறது, எந்த வயர் எதில் உரசுகிறது என்று இன்னும் பிடிபடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் ஒரு திருப்பத்தில், சைக்கிளில் போன பெரியவர் காலை ஊன்றி நின்று, நான் கண்ணுக்கு மறையும்வரை திட்டினார்.