ஆர்.சி. யார் பேரில் இருக்கு?

வக்கீல் குமாஸ்தாவாக இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். பதினேழு வயதுப் பையன் குடித்துவிட்டு பைக் ஓட்டி மாட்டிக்கொண்டான் என்று ஒரு குடும்பம் வரும். எங்கள் வக்கீல் சார் முதலில் கேட்பது, "ஆர்.சி. யார் பேரில் இருக்கு?" ஆர்.சி. என்றால் வண்டியின் பதிவுச் சான்றிதழ். வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். பையனைப் பற்றிப் பேச வந்தால் இவர் வண்டியைப் பற்றிக் கேட்கிறாரே!

குடிக்கான கணக்கு எளிது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. முதல் முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. ஆனாலும் வாங்கிக் கொடுக்க ஓர் 'அண்ணன்' எப்படியோ கிடைத்துவிடுகிறார்.

பெற்றோர் அதிர்வது 199-ஏ பிரிவைக் கேட்டுத்தான். 2019 திருத்தத்தில் வந்தது. சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அதுவரை தலைகுனிந்து நிற்கும் பையன் இதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து பார்ப்பான்.

"தூங்கும்போது சாவியை எடுத்துட்டுப் போயிட்டான் சார்" என்று எல்லா அப்பாவும் சொல்வார்கள். சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அப்பாவின் பாடு. அதே வண்டியில் தினமும் பால் வாங்க அனுப்பியதைத் தெருவே பார்த்திருக்கும்.

"புனேயில் கட்டுரை எழுதச் சொல்லி விட்டாங்களாமே?" என்றும் கேட்பார்கள். 2024 மே மாதம் ஒரு சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இருவர் இறந்த வழக்கு. ஜாமீன் நிபந்தனையாக 300 சொல் கட்டுரை எழுதச் சொன்னது உண்மைதான். ஆனால் சில நாட்களிலேயே பையன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனான், அப்பா கைதானார், ரத்த மாதிரியை மாற்றியதாக டாக்டர்களும் கைதானார்கள். அந்தப் பாதியை யாரும் நினைவில் வைப்பதில்லை.

பெரிய அடி இன்ஷூரன்ஸில். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டி யாருக்காவது காயமோ சாவோ என்றால், இழப்பீட்டைப் பெரும்பாலும் கம்பெனி முதலில் கட்டும். பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும். லட்சக்கணக்கில் வரும் அந்தத் தொகைக்கு முன்னால் 25,000 ஒன்றுமே இல்லை. லோனுக்காகத் தன் பேரில் பைக் எடுத்துக் கொடுத்த தாய்மாமன் நோட்டீஸோடு வந்து, "நான் அந்த வண்டியைத் தொட்டதே இல்லையே சார்" என்பார். சார் அதற்குப் பதில் சொல்வதில்லை. அப்பீல் போவதா, தவணை கேட்பதா என்று பேச ஆரம்பிப்பார்.