வெர்ச்செல்லி, ஏப்ரல்

ஏப்ரல் 2

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

ஏப்ரல் 3

சின்னவனுக்குக் காய்ச்சல் 38.2. ராத்திரி முழுக்க வியர்வை. மாற்றுத் துணி எடுக்கப் போனால் அந்த வெள்ளை ஜெர்சிதான் வேண்டும் என்று அடம். எங்கள் ஊர்க் கால்பந்து அணி ப்ரோ வெர்ச்செல்லியின் சட்டையில் வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது. வகுப்பில் பாதிப் பேர் யுவெண்டஸ், மீதிப் பேர் இன்டர் அல்லது மிலான் ரசிகர்கள். இவன் ஒருத்தன்தான் சொந்த ஊர் அணியின் சட்டையில் திரிகிறவன்.

தூங்குவதற்கு முன் பட்டங்களை ஒப்பிக்கிறான். 1908, 1909, 1911, 1912, 1913, 1921, 1922. இத்தாலியின் சாம்பியன் ஏழு தடவை. இப்போது ஆடுவது மூன்றாம் நிலையான சீரி சி-யில். நாற்பத்தைந்தாயிரம் பேர் இருக்கும் ஊருக்கு அதுவே பெரிது என்கிறார் இவர். எனக்கு அந்த வரிசையில் விட்டுப்போன 1910தான் உறுத்துகிறது.

ஏப்ரல் 5

தூக்கம் வரவில்லை, அதனால் 1910.

லீக் முடிந்தபோது ப்ரோவும் இன்டரும் சமம். பட்டத்தை முடிவு செய்ய ஓர் ஆட்டம், ஏப்ரல் 24 என்று கால்பந்துச் சங்கம் தேதி குறித்தது. அன்றைக்கு ப்ரோவின் ஆட்டக்காரர்கள் சிலர் ராணுவப் போட்டிக்குப் போயாக வேண்டும். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். இன்டர் சம்மதிக்கவில்லை, சங்கமும் அசையவில்லை. அந்தக் கோபத்தில் ப்ரோ பொடிப்பையன்களை இறக்கிவிட்டது. யாருக்கும் பதினைந்து வயது தாண்டவில்லை. எதிரே இன்டரின் முழு அணி. 10-3. இன்டரின் முதல் பட்டம் இப்படி வந்ததுதான்.

ஊரில் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்: அநியாயத்துக்கு முன்னால் எங்கள் அணி தலைகுனியவில்லை என்று. எனக்குப் பெருமை வரவில்லை. பெரியவர்கள் போட்ட சண்டை, அடி வாங்கியது பிள்ளைகள். அன்று காலையில் அந்தப் பையன்களின் அம்மாக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கோபம் வந்திருக்காதா? என் சின்னவனுக்குப் பதினொன்று. கையில் ஊசி போட்ட இடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

ஆனாலும் மூன்று கோல் போட்டிருக்கிறார்கள். அதுவும் உண்மை.

ஏப்ரல் 6

மேல்மாடிப் பாட்டி பனீஸ்ஸா கொண்டுவந்து கொடுத்தார். அரிசி, பீன்ஸ், பன்றிக் கொழுப்பில் பாடம் செய்த சலாமி, சிவப்பு வைன். அவன் மூன்று கரண்டி சாப்பிட்டான். பாட்டி வெளியே போய் அழுதார், நான் அழவில்லை.

ஏப்ரல் 9

வயல்களில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் நீர், அதில் வானம். பாட்டியின் அம்மா இங்கேதான் முட்டியளவு தண்ணீரில் குனிந்து களை பறித்தவர். எட்டு மணி நேர வேலை கேட்டு அந்தப் பெண்கள் 1906இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ப்ரோ முதல் பட்டம் வென்றது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. ஒரே ஊர், ஒரே பிடிவாதம் என்கிறார் பாட்டி. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்று டாக்டர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார். "இன்னும் ஒரு பரிசோதனை." அவ்வளவுதான்.

வரும் வழியில் அவனுக்கு பெர்ட்டினெட்டி கதையைச் சொன்னேன். ப்ரோ 1892இல் பிறந்தபோது அது ஜிம்னாஸ்டிக் சங்கம். 1903இல் அதில் கால்பந்தைக் கொண்டுவந்தவர் மார்ச்செல்லோ பெர்ட்டினெட்டி. அவர் வாள்வீச்சு வீரர். 1924இலும் 1928இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அணிகளில் இருந்தார். டாக்டரும்கூட. "அவர் இருந்தால் என்னைப் பார்த்திருப்பாரா?" என்று கேட்டான். பார்த்திருப்பார் என்றேன்.

ஏப்ரல் 11

இன்று மனசு கொஞ்சம் லேசு. காய்ச்சல் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து இவரோடு சண்டை போடுகிறான்: ப்ரோ ஏன் கீழே போனது?

இவர் சொல்வது பணம். அதில் தப்பில்லை. உடம்பைப் பழக்கிய விதத்தில்தான் ப்ரோ மற்ற அணிகளை முந்தியது. ஆடியவர்கள் ஊர்ப் பையன்கள், சம்பளம் கிடையாது. பெரிய நகரங்கள் காசை எடுத்து வைத்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. 1923இல் விர்ஜினியோ ரொசெட்டாவை யுவெண்டஸ் கூட்டிக்கொண்டு போனது. ஊரே கொதித்தது. விவகாரம் சங்கம் வரை போய், அவரை ஆடவைத்ததற்காக யுவெண்டஸின் புள்ளிகளைப் பறித்தார்கள். ஆனால் ஆள் திரும்பி வரவில்லை.

அப்புறம் பியோலா. சில்வியோ பியோலா பதினாறு வயதில் ப்ரோவுக்காக முதல் நிலையான சீரி ஏ-யில் இறங்கியவர். 1933 அக்டோபரில் ஃபியோரென்டினாவை 7-2 என்று அடித்தபோது ஆறு கோல் அவருடையது. 1934இல் லாட்சியோவுக்கு விற்றார்கள். அடுத்த வருஷமே ப்ரோ சீரி ஏ-யை விட்டு இறங்கியது, அதோடு சரி, இன்றுவரை திரும்பவில்லை. 1938 உலகக் கோப்பை இறுதியில் ஹங்கேரிக்கு எதிராக இரண்டு கோல் போட்டதும் அவர்தான். சீரி ஏ-யில் 274 கோல், இன்னும் யாரும் தாண்டவில்லை.

சின்னவன் கட்சி வேறு. "வித்தவங்க தப்பு." அழுத்திச் சொன்னான். நான் அவன் பக்கம்.

ஏப்ரல் 12

பகல் முழுக்கத் தூங்கினான். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 14

இது அதே அணிதானா?

2010இல் பழைய ப்ரோ கடனில் மூழ்கி லீக்கிலிருந்து வெளியே போனது. இதே ஊரில் இருந்த இன்னொரு அணி, ப்ரோ பெல்வெதெரே, அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. காகிதத்தில் பார்த்தால் இன்று ஆடுவது அந்த இன்னொரு அணி. இவர் இதைச் சொன்னதும் சின்னவன் முகம் வாடிவிட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது, இந்த நேரத்தில் இதெல்லாம் எதற்கு?

சமையலறையில் நின்று யோசித்தேன். இரண்டே வருஷத்தில், 2012 ஜூனில், கார்ப்பியை வென்று சீரி பி-க்கு ஏறினார்கள். 64 வருஷத்துக்குப் பிறகு. அன்று தெருவுக்கு வந்து அழுத கிழவர்கள் யாரும் பதிவுப் பத்திரத்தைக் கேட்கவில்லை. பாட்டியும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அணியை யார் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்களோ அவர்களுடையதுதான் பெயர். உடம்பில் பாதி ரத்தம் யாரோ கொடுத்ததாக இருந்தாலும் அவன் அவன்தானே. இதை அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 17

மறுபடி 1910. அந்தப் பையன்களை இறக்கியதற்காக ப்ரோவின் ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தார்கள். மே 15 அன்று மிலானில் இத்தாலி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடி பிரான்ஸை 6-2 என்று வென்றது. அணியில் ஒருத்தர்கூட வெர்ச்செல்லிக்காரர் இல்லை, முந்தின இரண்டு வருஷமும் சாம்பியன்கள் இவர்கள்தான். மூன்றே வருஷம். 1913 மே 1, தூரின், பெல்ஜியத்துக்கு எதிராக 1-0: பதினொரு பேரில் ஒன்பது பேர் ப்ரோ. ஒன்பது! சின்னவனிடம் சொன்னதும் "அந்தப் பசங்கள்ல யாராவது இருந்தாங்களா?" என்றான். அவனுக்கும் அந்தப் பசங்கள்தான் நினைவு. மூன்றாவது கோலைப் போட்டது தான்தானாம், இடது காலால்.

சிரித்தான்.

ஏப்ரல் 18

இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருக்கிற நொவாராதான் இவர்களுக்குப் பரம எதிரி. அந்த ஊர் ஸ்டேடியத்துக்கும் பியோலா பெயர், இங்கேயும் பியோலா பெயர். அவர் கடைசியாக ஆடி ஓய்வு பெற்றது நொவாராவில். அதை இவனால் தாங்க முடியவில்லை. காய்ச்சல் 38.6.

ஏப்ரல் 19

இல்லை.

ஏப்ரல் 20

போன் வந்தது. நாளைக் காலை ஏழரைக்குள் தூரினில் இருக்க வேண்டும், வெறும் வயிற்றோடு. இவர் வண்டிக்கு டீசல் போடப் போயிருக்கிறார். எத்தனை நாள் என்று கேட்டேன், வந்த பிறகு சொல்கிறோம் என்றார்கள். பழைய ரிப்போர்ட் எல்லாம் வேண்டுமாம், பச்சைக் கோப்பு அலமாரியில் இருக்கிறது. அவனுடைய சார்ஜர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அங்கே பார்க்க வைஃபை இருக்குமா என்று கேட்கிறான். வார்டில் யாரிடமாவது விசாரிக்க வேண்டும்.